உங்கள் ஃபேன், மோட்டர், ஃப்ரிட்ஜ் மாதம் எத்தனை ரூபா எடுக்கிறது? நீங்களே கணக்குப் பார்க்கும் முறை

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மட்டக்களப்பில் ஃபேனுக்கு ஓய்வில்லை. பில் வந்ததும் வீட்டில் ஒருவர் ஃபேனைக் குற்றம் சொல்வார், இன்னொருவர் ஃப்ரிட்ஜைச் சொல்வார். ஊகிக்கவே தேவையில்லை. போன மாத பில்லும் ஒரு பேனையும் இருந்தால் போதும்.

ஃபேனில் தொடங்குவோம். அதன் மோட்டரில் ஒட்டியிருக்கும் லேபலில் அல்லது அது வந்த பெட்டியில் வாட் அளவு இருக்கும். சாதாரண சீலிங் ஃபேன் என்றால் 75 வாட் அளவில் இருக்கும். வாட்டை ஓடும் மணித்தியாலத்தால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் ஓடினால் 75 × 10 = 750. அதை 1000ஆல் வகுக்க 0.75 யூனிட். 30 நாளைக்கு 22.5 யூனிட். இதே முறையில் 9 வாட் எல்ஈடி பல்பை தினம் 5 மணித்தியாலம் எரித்துப் பாருங்கள்: மாதம் முழுக்க 1.35 யூனிட்தான். பல்புக்காகப் பிள்ளைகளை ஏசுவதில் பெரிய லாபம் இல்லை.

சரி, யூனிட்டை ரூபாவாக்குவது எப்படி? பலர் மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரியால் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் உண்மையான செலவு தெரியாது. நம் நாட்டில் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. 60 யூனிட்டுக்கு மேல் போகும் வீட்டுக்கு 60 வரை ஒரு விலை, 61–90க்கு ஒரு விலை, பிறகு 91–120, 121–180, 180க்கு மேல் என்று போகும். புதிதாக ஒரு சாமான் சேர்த்தால் அதன் யூனிட்டுகள் மேல்படியில்தான் போய் உட்காரும்.

உங்கள் வீட்டுப் பாவனை 100 யூனிட் என்று வையுங்கள். மேலே சொன்ன ஃபேன் சேர்ந்தால் 122.5 ஆகும். அதில் 20 யூனிட் 91–120 படியில், மீதி 2.5 யூனிட் அடுத்த படியில். கணக்கு விளங்குவதற்காக 91–120 படியில் யூனிட்டுக்கு 24 ரூபா, அடுத்த படியில் 40 ரூபா என்று எடுத்தால், 480 + 100 = 580 ரூபா. விலைகள் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் அனுமதியோடு அவ்வப்போது மாறும். ஆகவே நடப்பு விலையைப் போட்டுப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது: படி மாறினால் நிலையான கட்டணமும் மாறும். அந்தக் கடைசி 2.5 யூனிட்டை வேறெங்காவது மிச்சம் பிடிக்க முடிந்தால் அதையும் தவிர்த்துவிடலாம்.

60 யூனிட்டின் ஓரத்தில் இருக்கும் வீடுகள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே வேறு கட்டணப் பட்டியல். மீட்டர் வாசித்த நாட்கள் 30ஐ விடக் கூடினாலோ குறைந்தாலோ படிகளின் எல்லையும் அதற்கேற்ப மாறும். எனவே பில்லில் நாட்களின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

தண்ணி மோட்டருக்கு லேபலை மட்டும் நம்ப முடியாது. 'அரைக் குதிரைவலு' என்பது மோட்டர் வெளியே தரும் வேலை, சுமார் 373 வாட். அது உள்ளே இழுக்கும் மின்சாரம் அதைவிடக் கூட. இதை மீட்டரிலேயே பார்த்துவிடலாம். மீட்டரைத் தொட வேண்டாம், சீலில் கைவைக்கவே வேண்டாம், பார்த்தால் மட்டும் போதும். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். உங்களுடையதில் 1600 என்றிருந்தால், சிவப்பு விளக்கு 1600 தடவை மின்னினால் ஒரு யூனிட்.

மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜின் பிளக்கையும் கழற்றுங்கள். மோட்டரை மட்டும் போட்டு 3 நிமிடம் எண்ணுங்கள். 48 தடவை மின்னினால் 48 ÷ 1600 = 0.03 யூனிட். ஒரு மணித்தியாலத்துக்கு அதன் 20 மடங்கு, 0.6 யூனிட். தாங்கி நிறைய தினம் 40 நிமிடம் எடுத்தால் 0.4 யூனிட், மாதம் 12. கோடையில் கிணற்று நீர் இறங்கினால் தாங்கி நிறைய நேரம் கூடும், செலவும் கூடும். நீர் இறங்காமலே நேரம் கூடினால் கிணற்றுக்குள் குழாயின் அடியில் நீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் புட்வால்வையும் குழாய்ப் பொருத்துகளையும் ஒருவரிடம் காட்டுங்கள்.

ஃப்ரிட்ஜ் தானாக நின்று நின்று ஓடுவதால் 3 நிமிடக் கணக்கு அதற்குச் சரிவராது. கல்முனைக்கோ காத்தான்குடிக்கோ எல்லோரும் போகும் நாளில் ஃப்ரிட்ஜ் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, புறப்படும்போதும் திரும்பியதும் தசமத்தோடு மீட்டரை வாசியுங்கள். 6 மணித்தியாலத்தில் 0.3 கூடியிருந்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், மாதம் 36. யாரும் கதவைத் திறக்காத நேரத்தில் எடுத்த அளவு என்பதால் உண்மைச் செலவு இதைவிடச் சற்றுக் கூடத்தான் இருக்கும். மீட்டர் தசமம் காட்டாவிட்டால் அதே 6 மணித்தியாலத்துக்குள் இடையிடையே விளக்கு மின்னுவதை எண்ண முயலாதீர்கள். சில நாட்கள் தொடர்ந்து வீட்டில் ஆளில்லாத சமயம் பார்த்து அளவெடுங்கள்.