பருவத்துக்கு ஒரு சோப்பு: மணமும் வடிவமும் எங்கே பிசகுகின்றன

குளிர்காலம் வந்த பிறகு குளிர்காலச் சோப்பு செய்ய உட்காருவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. எண்ணெயோடு காஸ்டிக் சோடாக் கரைசலைச் சேர்த்துச் செய்கிற கோல்டு பிராசஸ் சோப்பில், அந்தக் காரமும் எண்ணெயும் வினைபுரிந்து முடிய ஓரிரு நாள் போதும். ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றி, கட்டி இறுகி, தோலுக்கு இதமாக மாற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். இதைத்தான் க்யூரிங் என்கிறோம். புதிய மணமோ புதிய நிறமோ சேர்ப்பதாக இருந்தால் முதலில் சிறிய அளவில் ஒரு சோதனை செய்து பார்க்க வேண்டும், அதற்கும் அதே 6 வாரம் வேண்டும். கணக்குப் போட்டால், பருவம் தொடங்க மூன்று மாதம் இருக்கும்போதே வேலையைத் தொடங்கியாக வேண்டும். குளிர்காலத்துக்கான கிராம்பு மணம் நல்ல வெயில் காலத்தில் வீட்டை நிறைக்கும். அது பழகிவிடும்.

அவசரத்தில் வாரங்களைக் குறைத்தால், கட்டி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நான்கே குளியலில் கொழகொழவென்று கரைந்து போகும். ஆலிவ் எண்ணெய் மிகுந்த கட்டி என்றால் இன்னும் கூடுதல் பொறுமை தேவை. அவகாசமே இல்லையென்றால் மெல்ட் அண்ட் போர் பேஸை, அதாவது உருக்கி அச்சில் ஊற்றினாலே போதும் என்கிற ஆயத்தச் சோப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். அது கட்டியானதும் பயன்படுத்தலாம். அதற்கென்று சில தனித் தவறுகள் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

காரத்தைக் கையாளும் விதம் பற்றி நான்கு வரி சொல்லிவிடுகிறேன், இங்கே பிசகினால் பாதிக்கப்படுவது உடம்பு. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துத் தெறிக்கும். கரைசலின் சூடு 90 டிகிரி செல்சியஸ் வரைகூட ஏறும், அதனால் கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், என்றாவது ஒருநாள் விரிசல் விடும். அலுமினியம் கூடவே கூடாது, காரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். எவர்சில்வரோ, 5 என்று எண் போட்ட பிளாஸ்டிக்கோ போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கையில் பட்டுவிட்டால் வினிகர் தேடி ஓடாமல், குழாயடியில் 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எண்ணெயை மாற்றி, காரத்தை மாற்றாமல் விடுவது

பருவத்துக்கேற்ப செய்முறையை மாற்றுவது நல்ல எண்ணம்தான். தேங்காயெண்ணெய் மிகுந்த சோப்பு நன்றாக நுரைக்கும், அழுக்கையும் நன்றாக எடுக்கும், ஆனால் குளிரில் வறண்ட தோலை இன்னும் வறட்டும். அதனால் குளிர்காலத்துக்கு அதைக் குறைத்து ஆலிவ் எண்ணெயைக் கூட்டுவார்கள். கூட்டும்போது கார அளவைத் தொடாமல் விட்டுவிடுவார்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஆலிவ் 600 கிராம், தேங்காய் 300 கிராம், ஆமணக்கு 100 கிராம். ஒரு கிராம் ஆலிவ் எண்ணெய் முழுதும் சோப்பாக சுமார் 0.134 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், தேங்காயெண்ணெய்க்கு 0.183, ஆமணக்குக்கு 0.128. மொத்தம் 148.1 கிராம். தோலுக்கு மென்மையாக இருக்கட்டும் என்று 5 சதவீத எண்ணெயை வினைபுரியாமல் விட்டால் (இதுதான் சூப்பர்ஃபேட்) 140.7 கிராம் போதும். சரி, இப்போது தேங்காயை 100 கிராமாகக் குறைத்து ஆலிவை 800 ஆக்குகிறோம். முழு எண்ணெய்க்கும் தேவைப்படும் காரமே 138.3 கிராம்தான். பழைய அளவான 140.7 கிராமையே போட்டால், எண்ணெய் மிச்சமே இல்லாமல், 2.4 கிராம் காரம் மிஞ்சி நிற்கும். தோலை இதமாக்கச் செய்த மாற்றம் தோலை எரிக்கும் சோப்பில் போய் முடிகிறது. எண்ணெயில் எதைத் தொட்டாலும் லை கால்குலேட்டரில் (எண்ணெய்க்கேற்ற கார அளவைச் சொல்லும் கணக்குக் கருவி) மறுபடி கணக்குப் போடுங்கள். எல்லாவற்றையும் எடையில்தான் அளக்க வேண்டும், கப்பும் ஸ்பூனும் இங்கே உதவாது.

கோடைச் சோப்பில் எலுமிச்சைச் சாறு பிழிவதும் இதே வகைத் தவறு. மணம் ஒன்றும் நிற்காது. சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் காரத்தைத் தின்றுவிடும், 10 கிராம் சிட்ரிக் அமிலம் சுமார் 6.2 கிராம் காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொள்ளும். கணக்கில் சேர்க்காமல் விட்டால் கட்டி எண்ணெய்ப் பிசுக்காக, மெத்தென்று நிற்கும்.

வடிவத்தை முடிவு செய்துவிட்டு மணத்தைத் தேடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நீங்கள் ஊற்றுகிற மணம் கடுமையான காரத்தைக் கடந்து வர வேண்டும். சில மணங்கள் கலவையை நொடியில் கெட்டியாக்கும், சில நிறத்தை மாற்றும், சில காணாமலே போகும். வடிவம் இதையெல்லாம் பார்த்துத்தான் அமைய வேண்டும். ஆனால் பெரும்பாலும் ஒரு படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு, வடிவத்தை முதலில் வரைந்துவிடுகிறோம்.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு குளிர்காலத்துக்காக வெள்ளை, பழுப்பு, அடர்சிவப்பு மூன்றையும் அலை அலையாகச் சுழற்றி ஊற்றத் திட்டமிட்டேன். மணம் கிராம்பும் இலவங்கப்பட்டையும். கலவை நல்ல பதத்தில் இருந்தது, பிளெண்டரைத் தூக்கிச் சொட்டவிட்டால் மேலே மெல்லிய கோடு விழுந்து உடனே மறையும் இளம் ட்ரேஸ் (எண்ணெயும் காரமும் கலந்து கெட்டிப்படத் தொடங்கும் பதம்). மணத்தை மொத்தமாக ஊற்றிப் பிளெண்டரை நான்கைந்து முறை அழுத்தினேன். முதலில் பாத்திரத்தின் ஓரத்தில் தடிப்பாக ஒரு வளையம் கட்டியது. அடுத்த அரை நிமிடத்தில் நட்ட கரண்டி நட்டபடி நின்றது. பாத்திரம் கையைச் சுட்டது. மூன்று நிறத்தில் ஒன்றைக்கூடப் பிரித்தெடுக்க முடியவில்லை, ஈரச் சிமென்டை அப்புவது போல் அச்சில் அள்ளி அள்ளி அழுத்தினேன். வெட்டியபோது உள்ளே முழுக்க ஓட்டைகள்.

கிராம்பிலுள்ள யூஜினால் என்ற மணப்பொருள் இதைச் செய்யும் என்பது சோப்பு செய்கிறவர்கள் எல்லோரும் அறிந்ததுதான். பூ மணங்களில் பலவும் இப்படித்தான் இறுகவைக்கும். அதற்காக அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. மணத்தைச் செய்முறையிலிருந்து எடுத்துவைத்த கொஞ்சம் எண்ணெயில் கலந்து, நிறங்களையெல்லாம் பிரித்து முடித்த பிறகு கடைசியில் சேருங்கள். அப்போது பிளெண்டர் வேண்டாம், கரண்டியால் கையாலேயே கிளறுங்கள். தண்ணீர் அளவைக் குறைக்காதீர்கள். இளஞ்சூட்டிலேயே வேலை செய்யுங்கள். வடிவத்தையும் மணத்துக்கு ஏற்ப எடுங்கள்: இறுகும் மணத்துக்கு அடுக்கடுக்கான வடிவமும், மேலே ஸ்பூனால் மேடு பள்ளம் எழுப்புவதும் அருமையாகப் பொருந்தும். மெல்லிய சுழல்களை லாவெண்டர் போல நிதானமாக நடந்துகொள்ளும் மணங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். கலவை குருணை குருணையாகத் திரிந்தால் மட்டும் பயப்படாமல் பிளெண்டரை ஓட்டலாம், பெரும்பாலும் சேர்ந்துவரும்.

வெனிலா இன்னொரு சிக்கல். மணத்தில் வெனிலின் (வெனிலாவுக்கு வாசனை தரும் பொருள்) இருந்தால் சோப்பு பழுப்பாகும். வெட்டும்போது வெளிர் மஞ்சளாகத் தெரிவது வாரங்கள் போகப் போகக் கரும்பழுப்பு வரை போகலாம். வெள்ளைப் பகுதியில் மணம் சேர்க்காமல் விட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்போம், ஆனால் பழுப்பு மெல்ல மெல்ல பக்கத்து அடுக்குக்குள் ஊர்ந்து, கூரான கோட்டை மங்கலாக்கிவிடும். இந்தப் பழுப்பைத் தடுக்க விற்கும் வெனிலா ஸ்டெபிலைசர் மெல்ட் அண்ட் போரில் ஓரளவு உதவும், கோல்டு பிராசஸில் அதை நம்ப முடியாது. வாங்கும் முன் விவரத் தாளில் வெனிலின் சதவீதத்தைப் பாருங்கள். பனி வெள்ளைச் சோப்பு வேண்டுமென்றால் அது பூஜ்ஜியமாக இருக்கட்டும். பழுப்பையே வடிவமாக்கிக்கொள்வது எனக்குப் பிடித்த வழி: பாதிக் கலவையில் மட்டும் மணம் சேர்த்து மரத்தின் வரிபோல ஊற்றினால், கோடு மங்குவதும் அழகாகவே இருக்கும்.

கோடையில் எல்லோரும் ஆரஞ்சு, எலுமிச்சை எசன்ஷியல் ஆயிலைத் தேடுவார்கள். பாட்டிலில் அப்படித் தூக்கலாக இருக்கும் மணம் க்யூரிங் முடிவதற்குள் பெரும்பகுதி பறந்துவிடும். எலுமிச்சைப்புல் நன்றாக நிற்கும். ஆரஞ்சுதான் வேண்டுமென்றால் செறிவூட்டிய 5 மடங்கு, 10 மடங்கு வகைகள் உண்டு. கூடவே பச்சௌலி, வெட்டிவேர் போன்ற கனமான மணத்தைச் சிறிது சேர்த்தால் இன்னும் தங்கும்.

மணம் போய்விடுகிறதே என்று அளவைக் கூட்டுவது ஆபத்து. பொதுவாக எண்ணெய் எடையில் 3 சதவீதம், அதாவது ஒரு கிலோ எண்ணெய்க்கு 30 கிராம் என்று சொல்வார்கள். ஆனால் அது எல்லா மணத்துக்கும் பொருந்தாது. இலவங்கப்பட்டைக்கும் கிராம்புக்கும் அதைவிட மிகக் குறைவாகத்தான் சேர்க்கலாம், தோலில் எரிச்சலும் ஒவ்வாமையும் வரும். சர்வதேச நறுமண அமைப்பான ஐஎஃப்ஆர்ஏ, எந்தப் பொருளில் எவ்வளவு வரை சேர்க்கலாம் என்று வகைவகையாக வரம்பு வைத்திருக்கிறது. சோப்பு அதில் 9-ஆம் வகை. விற்பவரிடம் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த மணமே வேண்டாம்.

நிறம்

வசந்தத்துக்கு ரோஜா இதழ், செம்பருத்தி, பீட்ரூட் என்று இயற்கை நிறங்களை நினைத்து மனம் குதிக்கும். காரத்தில் மூன்றும் பழுப்பாகிவிடும். லாவெண்டர் மொட்டும் அப்படித்தான், கொஞ்ச நாளில் எலிப் புழுக்கைபோலத் தெரியும். கேலண்டுலா என்ற பூவின் இதழ் மட்டும் மஞ்சளாகவே நிற்கும். மஞ்சள்தூள் காரத்தில் சிவந்து, பிறகு இளம் ஆரஞ்சாக அமரும், வெளிச்சத்தில் மெல்ல வெளுக்கும். அவுரி நீலம் நிற்கும். உணவில் சேர்க்கும் நிறங்கள் காரத்தில் மாறும் அல்லது ஒரு நிறத்திலிருந்து அடுத்த நிறத்துக்குக் கசியும். மைக்கா என்ற மினுமினுப்பு நிறப்பொடியில்கூட எல்லாம் ஒன்றல்ல, ஊதா சில சமயம் சாம்பலாகும். காரத்தில் நிலைக்கும் என்று குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனைக் கட்டி வந்ததும் பாதியை ஜன்னலோரமும் பாதியை அலமாரிக்குள்ளும் வையுங்கள். ஆறு வாரம் கழித்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மணத்துக்கும் நிறத்துக்கும் வேறு ஆதாரமே வேண்டாம்.

செய்கிற நாளின் வானிலையை மறப்பது

குளிரான நாளில் ஷியா வெண்ணெய், பாம் ஆயில் போன்றவை உறைந்து கலவை கெட்டியானதுபோல் ஏமாற்றும். ட்ரேஸ் வந்துவிட்டதென்று ஊற்றினால், அச்சில் சூடேறியதும் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். எண்ணெயும் கரைசலும் 38 முதல் 43 டிகிரிக்குள் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. குளிரில் நடுப்பகுதி மட்டும் சூடேறி, வெட்டினால் உள்ளே ஒரு கருவட்டம் தெரியும், அச்சைத் துணியால் போர்த்தி வைத்தால் சூடு ஓரம்வரை பரவும். மேலே வெள்ளைப் பொடி படிவது சோடா ஆஷ், தீங்கில்லை, ஆனால் கஷ்டப்பட்டுப் போட்ட சுழலை மறைத்துவிடும். ஊற்றியவுடன் ஐசோபிரைல் ஆல்கஹாலைத் தெளித்தால் குறையும்.

வெயில் நாளில் சிக்கல் தலைகீழ். தேன், பால், சர்க்கரை சேர்த்த கலவை தானாகவே சூடேறும். அதைப் போர்த்தியும் வைத்தால் மேலே பிளந்து, சில சமயம் எரிமலைபோல் பொங்கி வழியும். பாலை உறையவைத்துப் பயன்படுத்துங்கள், அச்சைத் திறந்தே வையுங்கள்.

மழைக்காலத்தில் க்யூரிங் மெதுவாகத்தான் நடக்கும். காற்றோட்டமில்லாமல் வைத்தால் ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றும், எண்ணெய் சிக்கு வாடை பிடிக்கும். இரும்புக் கம்பித் தட்டில் நேரடியாக அடுக்குவதும் இதைத் தூண்டும், காகிதம் விரித்து அடுக்குங்கள். மெல்ட் அண்ட் போரில் கிளிசரின் அதிகம், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வேர்க்கும். ஆறி இறுகியவுடனே இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். கோல்டு பிராசஸ் கட்டியை மட்டும் க்யூரிங் முடியும்வரை சுற்றவே கூடாது.

மெல்ட் அண்ட் போரில் அடுக்குகள் கழன்று வருவதும் பலருக்கு நடக்கிறது. கீழ் அடுக்கு முழுதும் ஆறிய பிறகு மேல் அடுக்கை ஊற்றுவதுதான் காரணம். ஏடு படிந்து, தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஆல்கஹால் தெளித்து, 55 டிகிரிக்குக் குறையாத சூட்டில் அடுத்ததை ஊற்றுங்கள். பேஸைக் கொதிக்கவிட்டால் தண்ணீர் போய், ரப்பர்போல ஆகிவிடும்.

அலங்காரத்துக்கு மேலே பதிக்கும் பட்டைத் துண்டு, அன்னாசிப்பூ, காய்ந்த ஆரஞ்சு வட்டம் எல்லாம் படத்துக்கு அழகு. குளிக்கிறவர் தோலை அவை கீறும், ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். அதே வடிவத்தைச் சோப்பிலேயே வார்த்துப் பதிக்கலாம், ஆனால் மெல்ட் அண்ட் போரில் செய்த துண்டு, கோல்டு பிராசஸ் கலவையின் சூட்டில் உருகக்கூடும், அன்று அச்சைப் போர்த்தாதீர்கள். மினுமினுப்புக்குப் பிளாஸ்டிக் கிளிட்டர் தூவினால் அது அப்படியே சாக்கடை வழியே நீர்நிலைக்குப் போகும், மைக்கா போதும். கேக், ஐஸ்கிரீம் வடிவச் சோப்பு எனக்கும் ஆசைதான், ஆனால் வெனிலா மணமும் சேர்ந்தால் சின்னக் குழந்தை வாயில் வைத்துவிடும். குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், மேலே ‘சோப்பு’ என்று முத்திரை ஆழப் பதியும்படி குத்திக் கொடுங்கள்.