பூங்காவுக்குள் நெடுஞ்சாலை விரிவாக்கம்: கருத்துக்கேட்புக்கு எழுதுவது எப்படி?

பாதுகாக்கப்பட்ட பூங்காவின் நடுவே போகும் சாலையை அகலப்படுத்தும் முன் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றால், அந்த வாய்ப்பை விடக் கூடாது. ஆனால் "எதிர்க்கிறேன்" என்று ஒரு வரி அனுப்பினால், எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். அதிகாரிகளால் எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வியாக எழுத வேண்டும்.

படி 1: கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையையும் வரைபடங்களையும் எடுத்து வையுங்கள்.

படி 2: அறிக்கையின் தடிமனைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதலில் மாற்று வழிகள் பற்றிய பகுதிக்குப் போங்கள். வேகக் கட்டுப்பாடு, பூங்காவைச் சுற்றிச் செல்லும் பாதை, இரவுத் தடை இவற்றையெல்லாம் ஆராய்ந்திருக்கிறார்களா, பெயருக்கு ஒரு பத்தி எழுதியிருக்கிறார்களா? கர்நாடகாவின் பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் சில விலக்குகளோடு 2009 முதல் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. அகலப்படுத்துவது மட்டுமே வழி அல்ல என்பதற்கு இதைக் காட்டலாம். அப்புறம், விலங்குக் கணக்கெடுப்பு எந்த மாதங்களில் நடந்தது என்று பாருங்கள். கோடையில் மட்டும் எடுத்திருந்தால், மழைக்காலத்தில் சாலையைக் கடக்கும் தவளைகள் கணக்கில் வந்திருக்காது.

படி 3: விலங்குகள் எப்படிக் கடக்கும் என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான படி. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கியபோது இருபுறமும் வேலி போட்டு, விலங்குகளுக்கென்றே மேம்பாலங்களும் கீழ்ப்பாதைகளும் கட்டினார்கள். விலங்குகள் மீது வாகனம் மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வேலி மட்டும் போட்டால் காடு இரண்டாகப் பிளந்துவிடும். பாலம் மட்டும் கட்டினால் விலங்குகள் தார்ச்சாலையிலேயே ஏறும். பாலத்தின் வடிவமும் முக்கியம். கிரிஸ்லி கரடிகளும் எல்க் மான்களும் திறந்த, அகலமான மேம்பாலத்தை விரும்புகின்றன. பூமா என்ற பெரிய காட்டுப்பூனைகள் குறுகலான கீழ்ப்பாதையை நாடுகின்றன. ஆகவே "பாலம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த விலங்குக்கு, எத்தனையாவது கிலோமீட்டரில், எவ்வளவு அகலத்தில், பராமரிப்பது யார் என்று கேளுங்கள்.

படி 4: ஒரு பத்திக்கு ஒரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, அறிக்கையின் பக்க எண்ணையும் சேருங்கள். கோபம் இருக்கலாம், அது நியாயம்தான். ஆனால் வசைச்சொல் வேண்டாம். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 5: பதில் அறிக்கை வந்ததும் உங்கள் எண்களை வரிசையாகச் சரிபாருங்கள். "கருத்தில் கொள்ளப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது பதில் அல்ல. அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள்.