இறுகாத சிலிக்கோன் அச்சு: என் அனுபவம்

எண்ணெய்க் களிமண்ணில் செய்த சின்னப் பிள்ளையாருக்கு பிளாட்டினம் வகை சிலிக்கோன் (இரண்டு பாகம் கலந்து ஊற்றுவது, பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும்) ஊற்றி அச்சு எடுத்தேன். வெளிப்பக்கம் நல்ல ரப்பர். சிலையைத் தொட்ட பக்கம் மட்டும் பலாப்பால் மாதிரிப் பிசுபிசுப்பு.

கலவை அளவைச் சந்தேகித்து டிஜிட்டல் தராசில் நிறுத்து ஊற்றினேன். மாற்றமில்லை. யாழ்ப்பாணத்து மாரி ஈரப்பதமோ என்று மூடிய அறைக்குள் வைத்தும் பார்த்தாயிற்று. சரக்குப் பழசாக இருக்கும் என்றார் கடைக்கார அண்ணை. புதுசும் அதே கதைதான்.

கடைசியில் துப்புக் கிடைத்தது, சிலிக்கோன் கலக்கிய கோப்பையில். அதில் மிஞ்சிய சிலிக்கோன் முழுதாக இறுகியிருந்தது. அப்படியென்றால் கலவை சரி, கோளாறு சிலையில். அந்தக் களிமண்ணில் கந்தகம் கலந்திருந்தது. பிளாட்டினம் வினையூக்கியை அது முடக்கிவிடும். சிலைக்கு அக்ரிலிக் ஸ்பிரே அடித்து, நன்றாகக் காயவிட்டு ஊற்றினேன். பெரும்பகுதி இறுகியது. ஆனால் தும்பிக்கையிலும் காதோரத்திலும் விரல்நுனி அளவில் பசைத் திட்டுகள். எல்லாம் நான் சிலையைப் பிடித்துத் தூக்கிய இடங்கள்! நான் போட்டிருந்த லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறையும் கந்தகம் மாதிரி இதே வேலையைச் செய்யும். வைனைல் கையுறைக்கு மாறியதும் அச்சு சுத்தமாகக் கழன்று வந்தது. அப்பாடா.

தகர வினையூக்கியால் இறுகும் தகர வகை சிலிக்கோனுக்குக் கந்தகம் அவ்வளவு பிரச்சினையில்லை. ஆனால் அது கூடுதலாகச் சுருங்கும், நாளடைவில் கிழியும். அதனால் நான் பிளாட்டினத்தை விடவில்லை.

அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றுகிறவர்கள் தூளைக் கலக்கும்போது முகக்கவசம் போடுங்கள். கையை நேரடியாக பிளாஸ்டருக்குள் புதைத்து அச்செடுக்க வேண்டாம். இறுகும்போது தோல் வெந்துபோகுமளவு சுடும்.