இராஜதந்திரியின் வாழ்க்கையைப் பிறிஸ்டல் போட்டில் எழுதுவது எப்படி?

மட்டக்களப்பில் உயர்தர அரசறிவியல் கண்காட்சிக்கு ஒரு இராஜதந்திரி வேண்டுமென்றால் இலங்கையின் ஷேர்லி அமரசிங்கவை எடுங்கள். வாழைச்சேனையிலிருந்து பலநாள் படகில் போகிறவர்கள் நம்பியிருக்கும் கடலின் சட்டத்தோடு சேர்ந்த வாழ்க்கை அவருடையது.

முதலில் கொப்பியில் ஆண்டு, பதவி, இடம் என்று மூன்று நிரல் கீறுங்கள். 1913 பிறப்பு, 1967 முதல் நியூயோர்க்கில் ஐ.நா.வுக்கான இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதி; 1976இல் பொதுச்சபையின் 31ஆவது அமர்வின் தலைவர்; 1980 டிசம்பரில் மரணம்.

பிழை வருவது பதவிப் பெயரில்தான். பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்புபவர் உயர்ஸ்தானிகர், மற்றவர் தூதுவர். ஆகவே இந்தியாவில் இலங்கையின் பிரதிநிதியாக இருந்தபோது அவர் உயர்ஸ்தானிகர். 1972க்கு முந்திய ஆங்கிலப் பதிவுகளில் நாடு ‘சிலோன்’ என்றிருக்கும். ‘ஸ்ரீலங்கா’ என்று மட்டும் தேடினால் பாதி அகப்படாது.

பிறிஸ்டல் போட்டின் பாதியைக் கடற்சட்டத்துக்கே கொடுங்கள். 1973இல் தொடங்கிய மூன்றாவது ஐ.நா. கடற்சட்ட மாநாட்டுக்கு இறக்கும்வரை அவரே தலைவர்; பிறகு சிங்கப்பூரின் டொமி கோ. உடன்படிக்கை 1982 டிசம்பர் 10இல் ஜமேக்காவில் கைச்சாத்தானது. அதைக் காண அவர் இருக்கவில்லை. மனம் கனக்கும் இந்த இடத்துக்குத் தனி வரி ஒதுக்குங்கள்.

அடுத்தது அந்த உடன்படிக்கையின் கடல் எல்லைகளைக் காட்டும் வரைபடம். 1 செ.மீ.க்கு 20 கி.மீ. என்று அளவு வைத்தால், 12 கடல்மைல் ஆட்புலக் கடல் (கரையோர நாட்டின் இறைமைக்குட்பட்ட கடல்) 1.1 செ.மீ., 200 கடல்மைல் பிரத்தியேக பொருளாதார வலயம் (மீன் முதலிய வளங்களில் அந்நாட்டுக்கே உரிமையுள்ள கடல்) 18.5 செ.மீ. கடல்மைலுக்கு 1.852 கி.மீ.; தரைமைல் என்று நினைத்து 1.609ஆல் பெருக்கினால் 370 கி.மீ. வலயம் 322 ஆகச் சுருங்கிவிடும்.