செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்தில் ஆமை: தரையிலிருந்து தொடங்கும் தவறுகள்

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று சொல்லும் ஊர்தான் நம்முடையது. இன்று அதே காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் பெரிய வீட்டின் பின்கட்டுத் தோட்டத்தில் ஆமை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஆமை கத்தாது, கடிக்க வராது, வலித்தால்கூட முனகாது. நாம் செய்யும் தவறு அதன் உடம்பில் தெரிவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அதனால் ஆமை வருவதற்கு முன்பே இடத்தைச் சரியாக அமைத்துவிட வேண்டும்.

முதல் தவறு, எந்த ஆமை என்று பார்க்காமல் வாங்குவது. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரமாக விரியும் நட்சத்திர ஆமை நம் வறண்ட புதர்க்காட்டுக்கே உரியது. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக நாடுகளின் ஒப்பந்தத்தில், 2019 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலிலும் இருக்கிறது. அதிர்ஷ்டம் வரும், பணம் சேரும் என்று யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வீட்டில் வைக்கக் கூடாது. ஊரணியில் கிடைக்கும் பாலாமைக்கும் இதே சட்டம்தான். சாலையில் குறுக்கே போகும் ஆமையைப் பார்த்தால் அது போகும் திசையிலேயே ஓரமாக விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் வந்துவிட்டதென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தோட்டத்தில் முறையாக வளர்க்கக்கூடியது வெளிநாட்டு இனம் மட்டுமே. பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் சுல்காட்டா. அதற்கும் 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் பதிவைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் காகிதம் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கையகலக் குட்டியாக வரும் சுல்காட்டா 40, 50 கிலோவுக்கு வளரும். 70 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்பதை வாங்கும்போதே யோசிக்க வேண்டும்.

சரி, இனி இடம். நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. வீட்டின் நடுவே திறந்தபடி இருக்கும் வளவு முற்றத்தில் விட்டுவிடுகிறார்கள். நாலு பக்கமும் அடைப்பு, மேலே வானம், கண்முன்னே நடமாடும், வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் கல் பாவிய முற்றத்தில் ஆமைக்குத் தோண்ட இடமில்லை, மேயப் புல் இல்லை. வழவழப்பான ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் ஊன்ற முடியாமல் வழுக்கும். எந்நேரமும் அப்படியே நடக்கும் குட்டியின் கால்கள் பக்கவாட்டில் விரிந்துபோகும். மழை பெய்தால் நாலு புறத்து ஓட்டுச் சரிவின் தண்ணீரும் அந்த முற்றத்தில்தான் வந்து விழும்.

சுல்காட்டா வருவது சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள சாகேல் என்ற வறண்ட நிலத்திலிருந்து. 'பாலைவனப் பக்கத்து ஆமை, நம்ம ஊர் வெயில் அதை என்ன செய்யும்' என்று பலர் கேட்கிறார்கள். அங்கே அது வெயிலைத் தாங்கிக்கொண்டு நிற்பதில்லை. மண்ணுக்குள் பல அடி நீளத்துக்கு வளை தோண்டி, பகலின் உச்சியில் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது. வளையைப் பிடுங்கிக்கொண்டு வெயிலை மட்டும் கொடுத்தால் அது செத்துப்போகும்.

சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணிக்குத் தோட்டத்துத் தரையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். நம்மால் பொறுக்க முடியாத சூட்டில்தான் அதன் அடிவயிறு கிடக்கிறது. வாயோரம் நுரை தள்ளினால், தலையையும் கால்களையும் நீட்டிப் போட்டுத் துவண்டு கிடந்தால், உடம்பு அளவுக்கு மீறிச் சூடேறிவிட்டது என்று அர்த்தம். உடனே நிழலுக்குத் தூக்கி வந்து, குளிரவும் இல்லாத சுடவும் இல்லாத தண்ணீரில் தலை மேலே இருக்கும்படி வையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். அப்புறம் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குட்டியைக் கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது இதைவிட மோசம். சில நிமிடங்களிலேயே உள்ளே சூடு ஏறிவிடும்.

வளையை நாமே அமைத்துக் கொடுக்கலாம். அதற்குக் கிணற்று உறைதான் மிகப் பொருத்தம். இரண்டு மூன்று உறைகளைப் படுக்கவைத்து வரிசையாகச் சேர்த்து, பாதி மண்ணில் புதையும்படி இறக்கி, பின்பக்கத்தை அடைத்து, மேலே இரண்டடி மண்ணைக் கொட்டிப் புல் வைத்துவிடுங்கள். உள்ளே அரையளவு மண் பரப்பினால் அது தன் விருப்பத்துக்குத் தோண்டிக்கொள்ளும். வாய்ப்பக்கம் மேடாக இருக்க வேண்டும், மழைத்தண்ணீர் உள்ளே ஓடக் கூடாது. வளர்ந்த ஆமை உள்ளே போய்த் திரும்பி வரும் அகலம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாம் செய்து கொடுக்காவிட்டால் அது வீட்டுச் சுவரின் அடியில் தோண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு அது நல்லதில்லை. வளைக்குள் கையை விடாதீர்கள். எலியைத் தேடிப் பாம்பும் அங்கே வரும். டார்ச் அடித்துப் பார்த்த பிறகே எதுவும்.

அடைப்புக்குக் கம்பிவலை வேண்டாம். வலைக்கு அந்தப் பக்கம் தெரிகிறதென்றால் அங்கே போயே தீருவேன் என்று நாள் முழுக்க முட்டிக்கொண்டிருக்கும். மூக்கும் முன்னங்காலும் புண்ணாகும். செம்புறாங்கல்லோ செங்கல்லோ வைத்து இரண்டடி உயரத்துக்குச் சுவர் எழுப்பி, தரைக்குக் கீழேயும் இரண்டடி இறக்கிக் கட்டுங்கள். வளர்ந்த ஆமைக்கு ஒரு சென்ட், அதாவது 435 சதுர அடியாவது வேண்டும் என்பது என் கருத்து. அதுகூட இல்லாதவர்கள் இந்த இனத்தை வாங்காமலிருப்பதே நல்லது. தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் முதலில் அதைக் கட்டுங்கள். இது நிலத்து ஆமை, நீந்தத் தெரியாது. 'ஆமைதானே' என்று ஊரணியிலோ கோயில் குளத்திலோ இறக்கிவிட்டால் மூழ்கிவிடும். குடிக்கவும் படுக்கவும் தரையோடு பதித்த, சரிவான, ஆழமில்லாத தொட்டி போதும். தினமும் கழுவ வேண்டும், அதிலேயேதான் மலம் கழிக்கும்.

குட்டிகளைத் தனியே வெளியில் விடவே கூடாது. காக்கை கொத்தும், கீரி தூக்கிக்கொண்டு போகும், எறும்பு கண்ணை அரிக்கும். காலை இளவெயிலில் மேலே வலை மூடிய இடத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது சில மணி நேரம் விட்டால் போதும். அந்த வெயில் கட்டாயம் வேண்டும். அது படாவிட்டால் உண்ணும் சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். மீதி நேரம் ஈரப்பதமான இடத்தில் இருக்கட்டும். வறண்ட காற்றிலேயே வளரும் குட்டியின் ஓடு கூம்பு கூம்பாக எழும்பும்; எழும்பியது பிறகு படியாது.

தீனியில் நடக்கும் தவறெல்லாம் பாசத்தில் நடப்பது. ஆச்சி ஒரு துண்டு இட்லி வைப்பார், பிள்ளைகள் வாழைப்பழம் கொடுப்பார்கள், யாராவது நாய்த்தீனியைப் போடுவார்கள். எல்லாவற்றையும் தின்னும். அதனால் ஒத்துக்கொள்கிறது என்று பொருளில்லை. சுல்காட்டா மாடு மாதிரி புல் மேயும் பிராணி. தீனியில் பத்தில் எட்டுப் பங்கு புல்லாக இருக்க வேண்டும். அருகம்புல் போதும், அதைத் தரையிலேயே வளர்த்துவிட்டால் நமக்கும் வேலை குறையும். கோடையில் காய்ந்த புல்லும் கொடுக்கலாம். இடையிடையே செம்பருத்தி இலை, பூ, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடல். பசலைக்கீரையைத் தினமும் போடாதீர்கள், அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். ஒரு துண்டை அடைப்பில் போட்டால் வேண்டும்போது கடித்துக்கொள்ளும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை மட்டும் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துபோகும். அழகுக்காக வேலியோரம் நட்ட அரளி, தானாக முளைத்த எருக்கு, ஊமத்தை மூன்றையும் வேரோடு எடுத்துவிட வேண்டும்.

ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவது கொடுமை. ஓட்டுக்குள் எலும்பும் நரம்பும் ரத்தமும் இருக்கின்றன. பெயின்ட் அடிப்பதும் கூடாது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குறிப்பாகக் குழந்தைகள்; ஆமையிடமிருந்து சால்மொனெல்லா கிருமி தொற்றும்.

வெயிலுக்குப் பயப்படுகிற அளவுக்கு நம் ஆட்கள் மழைக்குப் பயப்படுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் இந்த ஆமைக்கு உண்மையான சோதனை. குளிரும் ஈரமும் சேர்ந்து நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். இந்த இனம் குளிர்காலத்தில் உறங்கிக் கிடப்பதும் கிடையாது. மழைநாளில் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் 'தூங்குகிறது' என்று விட்டுவிடக் கூடாது. வளை நனைந்துவிட்டால் மாட்டுக்கொட்டகையிலோ சாமான் அறையிலோ காய்ந்த வைக்கோல் பரப்பி இரவில் உள்ளே மாற்றுங்கள். மூக்கில் குமிழ் வந்தாலோ வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ஊர் மருத்துவருக்கு ஆமை பழக்கமில்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுபோகலாம்.

நம் பக்கத்தில் பல வீடுகளில் சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் மட்டும் இருப்பார். அப்படிப்பட்ட வீட்டில் ஆமை வைப்பதென்றால் புல், தண்ணீர், மழைக்கு எங்கே மாற்றுவது, யாரைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை எடை போட்டு ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். வளரும் ஆமையின் எடை அடுத்தடுத்து இரண்டு மாதம் குறைந்தால், அது ஓடியாடிக்கொண்டிருந்தாலும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.