நுண்ணோக்கியைப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரியல் ஆய்வகத்தில் கூட்டு நுண்ணோக்கியின் முன் முதன்முதலாக அமரும் மாணவர், ஸ்லைடை மேடையில் வைத்ததும் 40 மடங்கு பொருளருகு லென்ஸைத் திருப்பிக்கொள்ளவே விரும்புவார். பெருக்கம் கூடினால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்ற எண்ணம் இயல்பானதுதான் என்றாலும், செய்முறை வகுப்பில் நேரும் பல தவறுகளுக்கு அந்த எண்ணமே வேராக இருக்கிறது. பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் புலம் சுருங்குகிறது, வெளிச்சம் குறைகிறது, லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் உள்ள இடைவெளியும் குறைகிறது. பள்ளிகளில் வழக்கமாக உள்ள கண்ணருகு லென்ஸைக் கொண்டு பார்த்தால், 4 மடங்கு லென்ஸில் சுமார் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் தெரியும். 10 மடங்கில் அது 1.8 மில்லிமீட்டராகவும், 40 மடங்கில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவும் சுருங்கிவிடும். வெங்காயத் தோலின் ஒரு செல்லே கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கக்கூடும் என்பதால், செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் வரிசையாக அமைந்திருக்கும் காட்சி 10 மடங்கில்தான் கிடைக்குமே தவிர 40-இல் கிடைக்காது. ஆகவே எப்போதும் மிகக் குறைந்த பெருக்கத்தில் தொடங்கி, பார்க்க வேண்டிய பகுதியைப் புலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்த லென்ஸுக்குச் செல்ல வேண்டும். நடுவில் இல்லாத பொருள் அடுத்த லென்ஸில் புலத்துக்கு வெளியே போய்விடும்.

இரண்டாவது தவறு கருவிக்கே சேதம் விளைவிப்பது. கண்ணருகு லென்ஸில் கண்ணை வைத்தபடியே பெரிய திருகைச் சுழற்றி மேடையை உயர்த்தினால், பொருளருகு லென்ஸ் ஸ்லைடில் மோதுவது பார்ப்பவருக்குத் தெரியாது. ஸ்லைடின் மேல் மூடியுள்ள மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப் நொறுங்கும் ஓசை கேட்ட பிறகுதான் தெரியும். முதலில் பக்கவாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே லென்ஸும் ஸ்லைடும் தொட்டுவிடாத அளவுக்கு நெருங்கச் செய்து, பின்னர் கண்ணை வைத்து, அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகும் திசையில் மட்டும் திருகி உருவத்தைத் தேட வேண்டும். 40 மடங்கு லென்ஸுக்கு வந்தபின் பெரிய திருகைத் தொடவே கூடாது. சிறிய திருகு மட்டும் போதும்.

எவ்வளவு திருகினாலும் 40 மடங்கில் உருவம் தெளிவடையாதபோது லென்ஸைக் குறை சொல்வதற்கு முன், ஸ்லைடு தலைகீழாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அந்த லென்ஸ் குவிய வேண்டிய இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர்தான், கவர் ஸ்லிப்பின் தடிமன் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் என்பதால் அதன் வழியே குவிவதில் தடையில்லை. ஆனால் ஸ்லைடின் தடிமன் சுமார் 1 மில்லிமீட்டர். தலைகீழாக வைத்தால் லென்ஸ் கண்ணாடியை முட்டி நிற்குமே அன்றி, அதற்கு அப்பாலுள்ள செல்லில் ஒருபோதும் குவியாது. 10 மடங்கில் அதே ஸ்லைடு ஓரளவு சரியாகத் தெரிந்துவிடுவதால், இந்தத் தவறு எளிதில் பிடிபடுவதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி மாணவர்களுக்குப் போதிய அளவு சொல்லித்தரப்படுவதில்லை என்பது என் கருத்து. மேடைக்குக் கீழே ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் ஐரிஸ் டயாஃப்ரத்தை முழுவதும் திறந்து வைத்தால் வெளிச்சம் பெருகும். ஆனால் சாயமேற்றாத செல்லின் ஓரங்கள் அந்த வெளிச்சத்திலேயே கரைந்து மறைந்துவிடும். கன்னத்தின் உட்புறச் செல்களைச் சாயமின்றிப் பார்க்கும்போது டயாஃப்ரத்தைச் சற்றே மூடினால், ஒன்றுமில்லாததுபோல் தெரிந்த புலத்தில் செல்லின் எல்லையும் நடுவில் உட்கருவும் மெல்லத் துலங்குவதைக் காணலாம். ஆடி பொருத்திய நுண்ணோக்கியில், ஒளியை ஸ்லைடின்மேல் குவிக்கும் கண்டென்சர் இருந்தால் சமதள ஆடியையும், இல்லாவிட்டால் குழியாடியையும் பயன்படுத்த வேண்டும். எந்த நிலையிலும் ஆடியை நேரடியாகச் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. கண்ணின் விழித்திரை பாதிக்கப்படும்.

நன்றாகத் தெரியாததற்குக் கருவியைவிட ஸ்லைடே காரணமாக இருப்பதும் உண்டு. வெங்காயத்தின் வெளிச்சருகை எடுக்காமல், சதைப்பற்றான இதழின் உட்குழிந்த பக்கத்திலிருந்து கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் தோலை மட்டும் உரிக்க வேண்டும். அது நீரில் மடிந்து கிடந்தால் இரண்டு அடுக்குச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து குழப்பும். சாஃப்ரனின் சாயம் மிகுந்துவிட்டால் எல்லாமே ஒரே சிவப்பாகிவிடுவதால், மிகுதியை நீரில் அலசிவிட வேண்டும். கவர் ஸ்லிப்பை மேலிருந்து அப்படியே போடாமல், ஒரு விளிம்பை நீர்த்துளியில் தொடவைத்து, மறுவிளிம்பை ஊசியால் தாங்கி மெதுவாகச் சாய்த்து இறக்கினால் காற்றுக்குமிழ் சிக்காது. அடர்ந்த கரிய விளிம்புடன் கச்சிதமான வட்டமாகத் தெரிவது குமிழே. அதைச் செல் என வரைந்து உட்கருவையும் குறித்துவிடும் பதிவேடுகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

புலத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால், ஸ்லைடை நகர்த்திப் பார்க்க வேண்டும். புள்ளியும் நகர்ந்தால் அது ஸ்லைடில் உள்ளது. கண்ணருகு லென்ஸைச் சுழற்றும்போது அதனுடன் சுழன்றால் தூசு அந்த லென்ஸில் உள்ளது. லென்ஸைக் கைக்குட்டையாலோ சட்டை நுனியாலோ துடைக்காமல், லென்ஸ் துடைக்கும் தாளையே பயன்படுத்த வேண்டும்.

நுண்ணோக்கி உருவத்தை மேல்கீழாகவும் இடவலமாகவும் திருப்பிக் காட்டும். செய்தித்தாளிலிருந்து 'ட' என்ற எழுத்தை வெட்டி வைத்துப் பார்த்தால் இது உடனே விளங்கும். 'ப' இதற்கு உதவாது. அதன் இடமும் வலமும் ஒன்றுபோலவே இருப்பதால் பாதி உண்மை மறைந்துவிடும். இதை அறிந்துகொண்டால், ஸ்லைடை இடப்பக்கம் தள்ளும்போது உருவம் வலப்பக்கம் ஓடுவது தடுமாற்றம் தராது.

படம் வரையும்போது பாடநூலைத் திறந்து வைத்துக்கொள்வது மிகவும் வருந்தத்தக்க வழக்கம். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் வெங்காயச் செல்லில் இல்லை. ஆனால் நூலிலுள்ள தாவரச் செல் படத்தில் இருப்பதால் அது பதிவேட்டிலும் இடம்பெற்றுவிடுகிறது. பசுங்கணிகத்தைப் பார்க்க விரும்பினால் ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரத்தின் இலையை எடுக்கலாம். புலத்தில் தெரிந்ததை மட்டும் பென்சிலால் வரைந்து, பெருக்கத்தைக் குறிக்கும்போது இரு லென்ஸ்களின் எண்களையும் பெருக்கி எழுத வேண்டும்: கண்ணருகு லென்ஸ் 10, பொருளருகு லென்ஸ் 40 என்றால் 400 மடங்கு.