‘என் சிஸ்டத்தில் ஓடுதே’ என்பது மறுப்பு ஆகாது

புது ஓஎஸ் (விண்டோஸ் போல கம்ப்யூட்டரையோ போனையோ இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஒன்று வரும். பேப்பரில் அரைகுறையாக ஒரு செய்தி வரும். உடனே காட்பாடியில் படிப்பை முடித்த பையனிலிருந்து வேலூர் ஆபிசர்ஸ் லைனில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர் வரை ஆசிரியருக்கு மறுப்பு எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். எழுதட்டும், தப்புச் செய்தி வருவது உண்மைதான். ஆனால் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் விழுவது அதே பழைய குழிகளில். எழுத்துப்பிழை, மரியாதைக் குறைவு போன்றவை சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல, அவற்றை விட்டுவிடலாம்.

தலைப்போடு சண்டை

தலைப்பு வைப்பது பெரும்பாலும் டெஸ்கில் இருக்கும் உதவி ஆசிரியர், நிருபர் அல்ல. தலைப்பில் ‘விண்டோஸ் 10க்கு மூடுவிழா’ என்று போட்டு, உள்ளே ‘14.10.2025க்குப் பிறகு வழக்கமான இலவச அப்டேட் கிடையாது’ என்று எழுதியிருந்தால் செய்தி சரி. தலைப்பு கொஞ்சம் மிகை, அவ்வளவுதான். உள்ளேயே ‘அன்றிலிருந்து கம்ப்யூட்டர் இயங்காது’ என்று இருந்தால் திருத்தம் கேட்கலாம். வீட்டு உபயோகத்துக்கு 13.10.2026 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் உண்டு என்பதை விட்டிருந்தாலும் கேட்கலாம்.

கேட்கும் முறை: தேதி, பதிப்பு, பக்க எண், தவறான வாக்கியம், அதன் கீழே சரியான வாக்கியம், அதற்கு ஆதாரமான தயாரிப்பாளர் பக்கம். அரைத் தாள் போதும். வேலூர் பதிப்பில் படித்துவிட்டுச் சென்னைப் பதிப்பின் இ-பேப்பரைப் பார்த்துப் பக்க எண் போடாதீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

‘என் சிஸ்டத்தில் ஓடுதே’

எரிச்சல் தருவது இதுதான். செய்தி சொல்கிறது: விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். மறுப்பு வருகிறது: ‘பொய். மூன்றாம் தலைமுறை ஐ3யில் போட்டிருக்கிறேன், சும்மா பறக்குது.’ விண்டோஸ் ஏற்றுவதற்கான பென்டிரைவை ரூஃபஸ் என்ற கருவியில் தயாரிக்கும்போது டிபிஎம், செக்யூர் பூட் (பாதுகாப்பான தொடக்கம்) சோதனைகளை நீக்கும் கட்டத்தில் டிக் போட்டிருப்பார். ஓடுவது நிஜம். ஆனால் ஓடுவது வேறு, சப்போர்ட் இருப்பது வேறு. தகுதியில்லாத கம்ப்யூட்டருக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதியில்லை என மைக்ரோசாஃப்ட் 2021லேயே எழுதிவிட்டது.

இது எப்போது கடிக்கும் என்றால், ஹோம், ப்ரோ இரண்டிலும் விண்டோஸ் 11இன் ஒவ்வொரு ஆண்டு வெளியீட்டுக்கும் 24 மாதம்தான் ஆயுள். தகுதியுள்ள மெஷினுக்கு அடுத்த வெளியீடு தானாக வந்துவிடும். குறுக்குவழியில் போட்ட மெஷினுக்கு வழக்கமாக வராது. ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்கி நாமே ஏற்ற வேண்டும். இப்படி 22எச்2 (2022இன் இரண்டாம் பாதி வெளியீடு) போட்டுவிட்டு மறந்துபோனவருக்கு 8.10.2024 அன்றோடு பாதுகாப்பு பேட்ச் நின்றது. பக்கத்து மேசையில் பேசாமல் விண்டோஸ் 10ஐயே வைத்திருந்தவருக்கு 14.10.2025 வரை வந்தது. மறுப்பை நம்பி மாறியவர் ஒரு வருடம் முன்னதாகவே அம்போ. அவர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் டேலி கணக்கு முழுவதையும் அதே மெஷினில் வைத்திருப்பவராக இருந்தால் யார் பதில் சொல்வது? ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம வேலூரைக் கேலி செய்யும் பட்டியலில் அப்டேட் இல்லாத விண்டோஸையும் சேர்த்துக்கொள்ளலாம்.

24எச்2 இன்னும் கறார். எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் கட்டளைகள் இல்லாத பிராசசரில், அதாவது கோர் 2 டியோ காலத்து மெஷினில், அது பூட்டே ஆகாது. ரூஃபஸாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த மாதிரிச் செய்திகளில் நிஜமாகவே தவறு இருக்கக்கூடிய இடம் வேறு: ‘டிபிஎம் சிப் இல்லையென்றால் புது கம்ப்யூட்டர்தான்’ என்ற வாக்கியம். எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய பல போர்டுகளில் டிபிஎம் தனிச் சிப்பாக இல்லாமல் ஃபர்ம்வேருக்குள்ளேயே (போர்டோடு வரும் மென்பொருள்) இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ரன் பெட்டியில் டிபிஎம் டாட் எம்எஸ்சி (tpm.msc) கொடுங்கள். ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டு செட்டிங்ஸ்) இன்டெலுக்கு பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்பதை ஆன் செய்து மறுபடி பாருங்கள். அதோடு ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) கொடுத்து, பயாஸ் மோடு ‘யூஇஎஃப்ஐ’ என்ற புது முறையா என்று பாருங்கள். ‘லெகசி’ என்ற பழைய முறை என்றிருந்தால் முதலில் பேக்கப், பிறகு எம்பிஆர்2ஜிபிடி (mbr2gpt) கருவியால் டிஸ்க்கை மாற்றுவது, அதன் பிறகுதான் பயாஸில் மோடை மாற்றுவது. வரிசை மாறினால் விண்டோஸ் பூட் ஆகாது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) போட்டிருந்தால் ரெகவரி கீயைக் குறித்துக்கொள்ளாமல் பயாஸ் பக்கமே போகாதீர்கள்.

ஆதாரத்துக்கு, ரன் பெட்டியில் வின்வர் (winver) கொடுத்தால் வரும் பதிப்பு எண் பெட்டியின் படம் வையுங்கள். 22621 என்றால் 22எச்2, 22631 என்றால் 23எச்2, 26100 என்றால் 24எச்2. டெஸ்க்டாப் படம் எதையும் நிரூபிக்காது.

‘கடைசி விண்டோஸ் என்று வாக்குக் கொடுத்தார்களே’

விண்டோஸ் 10தான் கடைசி விண்டோஸ் என்பது, 2015 மே மாதம் சிகாகோவில் நடந்த மைக்ரோசாஃப்டின் இக்னைட் மாநாட்டில் அதன் ஊழியர் ஜெர்ரி நிக்சன் பேச்சுவாக்கில் சொன்னது. பத்திரிகைகள் அதை நிறுவனத்தின் வாக்காக்கின. விண்டோஸ் 10இன் ஆதரவு அட்டவணையோ முடிவு 2025 அக்டோபர் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பழைய செய்தியை வைத்துப் புதிய செய்தியை மறுக்காதீர்கள்.

‘எனக்கு இன்னும் வரவில்லை, ஆகவே வெளியாகவில்லை’

லினக்ஸ் வகை ஓஎஸ்ஸான உபுண்டுவின் 24.04 பதிப்பு வெளியானது 25.4.2024. அதற்கு முந்தைய 22.04 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) வைத்திருந்தவர்களுக்கு அப்கிரேடு அழைப்பு திறப்பது 24.04.1 வந்த பிறகு. அது வந்தது 29.8.2024. நடுவில் நான்கு மாதம். செய்தி சரி, நீங்களும் சரி, மறுப்பு மட்டும் தப்பு.

‘அது வெறும் ஆண்ட்ராய்டு’

2023 ஜனவரியில் பார்ஓஎஸ் என்ற இந்திய மொபைல் ஓஎஸ் பற்றிய செய்தி வந்தபோது ‘முழுக்க உள்நாட்டுத் தயாரிப்பு’ என்ற தொனி தவறு. ‘வெறும் ஆண்ட்ராய்டு’ என்ற பதிலும் சோம்பேறித்தனம். ஏஓஎஸ்பி என்ற ஆண்ட்ராய்டின் திறந்த மூல அடித்தளத்தில் கட்டியது, கூகுள் ஆப்கள் முன்கூட்டியே ஏற்றப்படாதது என்று எழுதினால் ஒரு வரியில் முடிந்தது.

லினக்ஸ் பிரசாரம்

மறுப்புக் கடிதத்தில் வேண்டாம்.

பிரஸ் கவுன்சில்

பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு இது. முதலில் ஆசிரியருக்கு எழுதி, திருத்தம் மறுக்கப்பட்டால்தான் அங்கே போக முடியும். நாளிதழ், வார இதழ் என்றால் செய்தி வந்து 2 மாதத்துக்குள், மற்றவை என்றால் 4 மாதத்துக்குள். தமிழ்ச் செய்தி என்றால் வெட்டிய பக்கத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். டிவியில் வந்த செய்தியை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.